மதினியின் கைக்கு எட்டாத உருளைகள்

என் மதினியின் இரண்டு கைகளும் முழுசாக இருக்கின்றன. வெங்காயம் அரிகின்றன, குழம்பு கிண்டுகின்றன, கோபம் வந்தால் என் தோளில் ஒரு தட்டும் தட்டுகின்றன. எழுத உட்கார்ந்ததும் முதலில் எழுதத் தோன்றியது இதுதான். எழுதிவிட்டேன், நிம்மதியாக இருக்கிறது. இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நான் மெஷின் வரைகிறவள். சின்ன கம்பெனிகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. முதலில் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் இருந்தேன். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தபின் மாடி அறையில் ஒரு மேசை, ஒரு பெரிய திரை, கரண்ட் போனால் தாங்க ஒரு யூபிஎஸ் என்று கடை விரித்துவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் திரையில் சுழலும் பல்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "கேம் விளையாடுதியா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கம் சொல்லப் போனால் காபி ஆறிவிடும்.

எங்கள் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி பேராமெட்ரிக். அதில் ஒவ்வொன்றையும் கணக்கோடு கட்டுவோம். முதலில் ஒரு கோட்டுப்படம் போடுவோம், அதைத் தடிமனாக்குவோம், அதில் துளை போடுவோம். செய்த ஒவ்வொரு காரியமும் திரையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும். ஒரு அளவை இன்னொரு அளவோடு முடிச்சுப் போடலாம். அப்புறம் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும், அதோடு முடிச்சுப் போட்ட அத்தனையும் தானாக மாறிக்கொள்ளும். இன்னொரு கட்சி டைரக்ட். அதில் வரலாறும் இல்லை, முடிச்சும் இல்லை. பிசைந்த மாவைப் போல, ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தால் நீளும், அமுக்கினால் உள்ளே போகும். எதை மாற்ற வேண்டுமோ அதை ஒவ்வொன்றாக நாமே போய்த் தொட்டு மாற்ற வேண்டும்.

நான் முதல் கட்சி. சும்மா உறுப்பினர் இல்லை, கொடி பிடிக்கிறவள். டைரக்டில் செய்த ஃபைல் யாராவது அனுப்பினால் எனக்கு முகம் சுருங்கும். முன்பின் வரலாறு இல்லாத அந்த வெறும் கட்டியை எங்கள் ஆட்கள் ஊமைக் கட்டி என்பார்கள். ஏன் இந்தத் துளை இங்கே இருக்கிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. என் ஃபைல்களோ கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லும். அந்த அகம்பாவம் எனக்கு நிறையவே இருந்தது, இப்போதும் முழுசாகப் போய்விடவில்லை.

என் அண்ணன் கீழப்பாவூரில் சின்ன வெங்காயம் போடுகிறான். வயல் அவன் பொறுப்பு. வயலை விட்டு வெளியே வந்த வெங்காயம் மதினியின் பொறுப்பு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, காய்ந்த வெங்காயத்தைக் குவித்து, பெண்களை உட்கார வைத்துத் தாள் அரிவார்கள். தாள் என்றால் வெங்காயத்தின் தலையில் காய்ந்து நிற்கும் இலை. அதை அரிந்து எடுத்தால்தான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மதிப்பு. அறுப்புக் காலத்தில் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும், ஆள் கிடைக்காது. போன வருஷம் பாதி வெங்காயம் தாளோடேயே கிடந்து முளைவிட்டது. மதினி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஊருக்கெல்லாம் மெஷின் வரையுத. உங்க அண்ணன் வீட்டுக்கு ஒண்ணு வரையக் கூடாதா?"

"அதுக்கென்ன மதினி, வரையலாம்."

"மொத வெங்காயத்த நாந்தான் போடுவேன். வேற யாரும் தொடக் கூடாது."

இந்த இடத்தில் மதினியின் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் கை சும்மா இருக்காது. மிக்சியில் தேங்காய் சுற்றாமல் நின்றால் கரண்டியைத் தேட மாட்டாள், விரலை விடுவாள். கிரைண்டர் ஓடும்போதே மாவை வழித்துத் தள்ளுவாள். காற்றாடியில் தாள் சிக்கினால் அது நிற்கும் வரை பொறுக்க மாட்டாள். நான் பார்க்கும்போதெல்லாம் கத்தியிருக்கிறேன். "ஒனக்குத்தான் பயம், எனக்கு இது என்னைக்கும் உள்ளதுதான்" என்பாள். அப்படிப்பட்ட கைக்கு நான் மெஷின் வரைய ஒத்துக்கொண்டேன்.

மெஷின் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மேலே ஒரு தட்டு. தட்டின் அடியில் வட்டமாக ஒரு வாய். வெங்காயத்தைக் கையால் ஒதுக்கி அந்த வாயில் தள்ளினால் கீழே இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றிக்கொண்டிருக்கும். உருளைகள் தாளைப் பிடித்துக் கீழே இழுக்கும், அங்கே இருக்கும் கத்தி அறுத்துவிடும். வெங்காயம் உருண்டு வெளியே வந்துவிடும். உருளைக்குத் தாளும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். அதனால் உருளைகளின் மேல் தகர மூடி உண்டு, அதில் அந்த வாய் மட்டும் திறந்திருக்கும்.

என் கட்சிப்படி எல்லாவற்றையும் வெங்காயத்தோடு முடிச்சுப் போட்டேன். வெங்காயம் எவ்வளவு பெரிசோ அதற்குத் தக்க வாய், அதற்குத் தக்க உருளை, உருளைக்குத் தக்க சட்டம். சின்ன வெங்காயத்துக்கு வாய் ஒண்ணேகால் இஞ்சு வந்தது. அதில் விரல் போகும், உள்ளங்கை போகாது. விரல் போனாலும் உருளை வரை எட்டாது. பார்க்க அழகாக இருந்தது. திரையைப் போட்டோ எடுத்து என் பழைய சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினேன்.

செய்கிற பொறுப்பை ஒரு லேத் அண்ணாச்சியிடம் கொடுத்தோம். தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம் போகும் ரோட்டில் அவருக்குப் பட்டறை. வேலை சுத்தம், வாய் ஓயாது. அவருக்கு என் கட்சி பிடிக்காது. சட்டத்தில் ஒரு இடத்தை மூன்று நூல் தள்ளிவைக்கச் சொன்னார். எட்டு நூல் ஒரு இஞ்சு, அவர்களுக்கு அதுதான் அளவு. நான் மாற்றியதும் திரையின் ஓரத்து வரிசையில் பாதி சிவப்பாகிவிட்டது. ஒரு முடிச்சு அறுந்தால் அதைச் சார்ந்ததெல்லாம் கோபித்துக்கொண்டு நிற்கும், அதைச் சமாதானம் பண்ண நேரம் பிடிக்கும். அவர் பக்கத்தில் நின்று கொட்டாவி விட்டார்.

"நான் வீடியோவுல பாத்தேம்மா. ஒரு பய அந்த ஓரத்தப் புடிச்சி சும்மா இழுக்கான், வந்துருது. நீங்க மூணு நூலுக்கு இந்தப் பாடு படுதியளே?"

"அது வேற முறை அண்ணாச்சி. அதுல கணக்கு நிக்காது."

"கணக்கு நம்மகிட்ட நின்னாப் போதாதா?"

அவர் தத்துவம் ஒன்றும் பேசவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். நான் விறைப்பாகவே பதில் சொல்லி அனுப்பினேன்.

சட்டம் வெட்டிக்கொண்டிருக்கும்போது மதினியின் போன் வந்தது. "இந்தத் தடவ பல்லாரியும் போடுதோம்டி. மெஷினு ரெண்டுக்கும் ஆகணும்." பல்லாரி என்றால் பெரிய வெங்காயம். வேறொருத்தர் என்றால் தலையில் கை வைத்திருப்பார். நான் சிரித்தேன். இதற்காகத்தானே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். வெங்காயம் என்று எழுதியிருந்த இடத்தில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணைப் போட்டேன். உருளை பருத்தது, சட்டம் விரிந்தது, வாய் அகன்றது, மூடி நகர்ந்து வழிவிட்டது. ஒரு சிவப்புக்கூட இல்லை. சின்ன வெங்காயம் போடும்போது உருளைகளை நெருக்கிக்கொள்ள ஒரு திருகும் சேர்த்துவிட்டேன். மேசையில் இருந்த டீ இன்னும் சூடாகவே இருந்தது. அண்ணாச்சிக்குப் படத்தை அனுப்பிவிட்டு, "பாத்தியளா?" என்று கேட்டு ஒரு செய்தியும் போட்டேன்.

அந்த வாய் இப்போது மூன்று இஞ்சுக்கு மேல் அகன்றிருந்தது. அது படத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. நானும் பார்த்தேன், அண்ணாச்சியும் பார்த்தார். திரையில் வெங்காயம் இருந்தது, உருளை இருந்தது, கத்தி இருந்தது. கை இல்லை.

இதற்குள் சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசியில் வேலை எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைக்க முடியாது. முதல் தண்ணீர் விழுந்த செய்தி போனில் வந்ததும் ஷட்டர்கள் பாதி இறங்கும். தலையில் எண்ணெயோடு பைக்கில் போகிறவர்களைக் கண்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த புதிதில் எனக்கு இது ஆத்திரமாக வரும். ஒரு நட்டு வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரர் அருவியில் நிற்பார். வேலைக்கு மரியாதை இல்லாத ஊர் என்று திட்டியிருக்கிறேன். அப்புறம் நானும் எண்ணெய் வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன், திட்டுவது குறைந்தது.

அன்றைக்கும் போனேன். மெஷின் முடியப் போகிறது, மத்தியானத்துக்குள் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடுவேன் என்று அண்ணாச்சி முந்தின நாளே சொல்லியிருந்தார். என் வேலை முடிந்துவிட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மெயின் அருவிக்குப் போய், பெண்கள் பக்கம் வரிசையில் நின்று, உள்ளே போனேன். தண்ணீர் நல்ல கனம். தலையில் விழுந்த வேகத்தில் கால் நழுவியது, பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. விழாமல் இருக்கப் பக்கத்திலிருந்த கம்பித் தடுப்பில் கையை விட்டேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே கை முழங்கை வரை போய்விட்டது.

என் தொழில் பழக்கம் ஒன்று உண்டு. எதைப் பார்த்தாலும் மனம் அளவு சொல்லும். தண்ணீர் காதில் அறைந்துகொண்டிருக்கும்போதே, இந்த இடைவெளி மூன்று இஞ்சு இருக்கும் என்று அது சொன்னது. மூன்று இஞ்சு. முழங்கை வரை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை நான் வெங்காயத்தோடு முடிச்சுப் போட்டிருந்தேன். கையோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. முதலில் வாய் சின்னதாக இருந்ததால் கை தானாக வெளியே நின்றுவிட்டது. அது தற்செயல். அதை நான் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டேன். வெங்காயம் பெரிசானதும் என் முடிச்சு சொன்னபடி கேட்டு வாயைப் பெரிசாக்கிவிட்டது. மதினியின் கை அதில் நேராகப் போய் உருளையில் நிற்கும். மொத வெங்காயத்த நாந்தான் போடுவேன் என்று சொன்ன கை.

அருவியிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்த போனை எடுத்து மதினியைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அண்ணனுக்குப் போட்டேன், வயலில் சிக்னல் இல்லை. அண்ணாச்சிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் மதினி. எடுக்கவில்லை. வேலையாக இருக்கும்போது அவள் போனை எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். என்ன வேலையாக இருக்கிறாள் என்பதுதான் தெரியவில்லை.

நனைந்த துணியோடு வண்டியை ஓட்டினேன். குளிர்காற்று அடித்தது. பட்டறை வாசலில் நிறுத்தினால் ஷட்டர் பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"அண்ணாச்சி எங்க போயிருக்காவ?"

"தெரியலியேம்மா. நான் இப்பத்தான் கட தொறக்கேன். வரும்போதே பூட்டித்தான் கெடந்துச்சு."

மெஷின் போய்விட்டதா இல்லையா என்பது அவருக்கும் தெரியவில்லை. கீழப்பாவூருக்கு விட்டேன். வழியெல்லாம் என் மனதில் அந்தப் படம்தான். எவ்வளவு அழகாக ஒரு சிவப்பும் இல்லாமல் அகன்றது. டைரக்டில் செய்திருந்தால் அந்த வாயை நானே பிடித்து இழுத்திருக்க வேண்டும். இழுக்கும்போது அதைப் பார்த்திருப்பேன். இரண்டு இஞ்சுக்கு மேல் போகும்போதாவது, ஏட்டி, இதில் கை போகுமே என்று தோன்றியிருக்கும். நான் மேல் என்று நினைத்த முறை, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமலேயே தாண்ட எனக்கு வழி செய்து கொடுத்துவிட்டது.

கொட்டகை தெரிந்தபோது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஸ்டாண்டு போட மறந்து வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன்.

ஓடிக்கொண்டிருந்தது காற்றாடி. சருகைப் பறக்கவிடுகிற பழைய காற்றாடி. அதற்கு முன்னால் மதினி நாலைந்து பெண்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து தாள் அரிந்துகொண்டிருந்தாள். வலது கையில் அரிவாள், இடது கையில் வெங்காயம். இரண்டு கைகளும் இருந்தன.

"என்னட்டி இது கோலம்? தலகூடத் தொவட்டாம?"

"மெஷின் எங்க மதினி?"

"மெஷினா?" என்று அரிவாளைக் கீழே வைத்தாள். "எங்க வந்துச்சு? அண்ணாச்சி காலைல போன் போட்டு, குத்தாலத்துல தண்ணி வுழுது, நாளைக்குக் கொண்டு வாரேங்காரு. ஆட்டோக்காரனும் குளிக்கப் போயாச்சாம். இந்த ஊர்ல தண்ணி வுழுந்தா ஒரு பயலையும் புடிக்க முடியல. நீயும் அங்கருந்துதான வார? இங்கன குமிஞ்சு கெடக்கு, நீங்கல்லாம் ஜாலியாக் குளிங்க."

நான் வெங்காயக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. மதினியின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வெங்காய வாடை மூக்கில் ஏறியது. அதனால்தான் கண்ணில் தண்ணீர் என்று மற்ற பெண்கள் நினைத்திருப்பார்கள். வேலைக்கு மரியாதை இல்லாத ஊர் என்று நான் திட்டிய ஊருக்கு அன்றைக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் மதினி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அதுக்குத்தான் மூடி போட்டிருக்குன்னியே" என்றாள்.

சாயங்காலம் அண்ணாச்சி கூப்பிட்டார். போனை வண்டியில் வைத்துவிட்டு ஐந்தருவியில் நின்றாராம்.

"என்னம்மா, இத்தன தடவ கூப்பிட்டிருக்கிய?"

"அந்த மூடி வேண்டாம் அண்ணாச்சி. வேற தாரேன். அது வரைக்கும் மெஷின அனுப்பாதிய."

"நீங்க குடுத்த அளவுக்குத்தாம்மா வெட்டுனேன்."

"ஆமா, நான் குடுத்த அளவுதான். அதான் மாத்துதேன்."

அவர் கொஞ்சம் முணுமுணுத்தார். குளித்து வந்த சுகத்தில் இருந்ததால் அதிகம் முணுமுணுக்கவில்லை.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு கீழப்பாவூர் போய் மதினியின் கையை அளந்தேன். விரல் நுனியிலிருந்து தோள் வரை. ஜாக்கெட் தைக்கப் போறியா என்று கேட்டுச் சிரித்தாள், வளையல் குலுங்கியது. திரும்பி வந்து ஃபைலைத் திறந்து மூடியைத் தேடிப் பிடித்தேன். வெங்காயத்திலிருந்து அதற்கு வந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். அதன் வரலாற்றை அழித்து, நான் இத்தனை நாள் கேலி செய்த ஊமைக் கட்டியாக அதை ஆக்கினேன். இனி அது தானாக எதற்கும் நகராது. மாற்ற வேண்டுமென்றால் நான் போய், பார்த்து, கையால் இழுக்க வேண்டும். அப்படித்தான் இழுத்தேன். வாயின் கீழே தகரத்தில் நீளமாக ஒரு கழுத்து இறக்கி, நடுவில் ஒரு வளைவு வைத்தேன். அதைத் தாங்கச் சட்டத்தையும் உயர்த்தினேன். வெங்காயம் உருண்டு வளைந்து போகும், கை அப்படி வளைந்து போகாது. நடுவில் சிக்கினால் தள்ள ஒரு மரக் கட்டையும் செய்யச் சொன்னேன்.

உருளை, சட்டம், கத்தி எல்லாம் இன்னும் வெங்காயத்தோடுதான் முடிச்சுப் போட்டிருக்கின்றன. நான் கட்சி மாறிவிடவில்லை. எதை எதோடு கட்டுவது என்பதில்தான் இப்போது பயம் வந்திருக்கிறது. அந்தப் பயம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெஷின் கொட்டகைக்கு வந்த அன்று அண்ணாச்சி, அண்ணன், நான் எல்லாரும் சுற்றி நின்றோம். மதினி மஞ்சள் தடவிப் பொட்டு வைத்தாள். சுவிட்சில் கை வைக்கப் போன அண்ணாச்சியை நிறுத்தி, "இருங்க" என்றாள். மூடியின் வாயில் கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று. வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் தள்ளினாள். தோள் தகரத்தில் முட்டி, கன்னம் மூடியில் பதிந்து, முகம் கோணியது. உள்ளே விரல்கள் தகரத்தைப் பிறாண்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

"எட்டலட்டி" என்றாள். குரலில் நிஜமாகவே ஏமாற்றம் இருந்தது.

"கையை வெளிய எடுங்க மதினி" என்றேன். எடுத்தாள். தகரத்தில் பட்ட சிவப்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார்.